தானாகக் காலியாகும்

"இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றார் மாமனார். "தோள்ல எங்க வலிக்க ஆரம்பிக்குதோ, அதுக்கு ரெண்டு அங்குலம் முன்னாடி நிறுத்து."

மாமியார் வலது கையை உயர்த்திக்கொண்டு கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தார். இடது கையில் கரண்டி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூப்பிட்ட குரலுக்கு அப்படியே வந்தவர். மாப்பிள்ளை தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, அளக்கும் டேப்பின் நுனியை அவருடைய குதிகாலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு கையால் மேலே இழுத்தான்.

"எவ்வளவு?"

"அம்பத்தெட்டு மாமா."

"அரை?"

"அரை எல்லாம் இல்ல. சரியா அம்பத்தெட்டு."

"பால் பொங்கிடும்," என்றார் மாமியார்.

"பொங்கட்டும். ரெண்டு தடவை அளந்தாத்தான் அளவு. மாப்பிள்ளை, இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் ஐம்பத்தெட்டுதான். மாமியார் கையை இறக்கிவிட்டு ஓடினார். சமையலறையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. பொங்கித்தான் விட்டிருந்தது.

மாமனார் தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று ஆகிப் பத்து நாளாகிறது. மூக்கில் குழாய். கட்டிலுக்கு அடியில் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கே, "இதுல ஃபில்டர் அடைச்சிருக்கு, சத்தத்தைக் கேளுங்க," என்று சொல்லி, கொண்டுவந்த ஆளையே கழற்றித் தட்டவைத்தார். தட்டியதில் ஒரு பிடி தூசி விழுந்தது.

"எழுதிக்கோங்க," என்றார். "ஆபீஸ்ல வரப்போற புது ஜெராக்ஸ் மிஷின் மூடியைத் தொறந்தா அதோட நுனி மேல போகும். அப்புறம் எட்டிப் பிடிச்சு மூடணும். அம்பத்தெட்டுக்கு மேல போச்சுன்னா அத்தையால முடியாது. ஒவ்வொரு தடவையும் எவனையாவது கூப்பிட்டுக்கிட்டு நிக்கணும். அது கூடாது."

மாப்பிள்ளை நோட்டில் எழுதினான். பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் மாமனார் சொன்னதெல்லாம் இருந்தது. கதவு முப்பத்தொன்று. பிளக் தனி லைன். பேப்பர் பெட்டி இடுப்பு உயரத்தில், குனியவைக்கக் கூடாது. இப்போது அதன் கீழே மூடி ஐம்பத்தெட்டு. எழுதியதும் அடியில் ஒரு கோடு போட்டான். அப்படி ஒரு மிஷின் வரப்போவதில்லை என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாமனாரும் அவனும் வேலை பார்த்தது ஒரே அலுவலகத்தில். கட்டட வரைபடம் போடும் அலுவலகம். மாமனாருக்கு முப்பத்தோரு வருஷமாக ஜெராக்ஸ் ரூம். அவன் அங்கே நிர்வாகம். ஆள், நாற்காலி, விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவன் பொறுப்பு. அலுவலகத்தில் மாமனார் அவனை "சார்" என்பார், படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் "மாப்பிள்ளை" ஆகிவிடும். அவரை அங்கே எல்லாரும் "ரெண்டுபக்கம்" என்றுதான் சொல்வார்கள். யார் எந்தத் தாளை நீட்டினாலும் முதலில், "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்பார். அவசரம் என்று குதிப்பவர்களிடம் இரண்டு தடவை கேட்பார். அவன் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் அவர் கேட்கும் முன்பே "ரெண்டு பக்கம்" என்று சொன்னானாம். பொண்ணைக் கொடுக்க அதுதான் காரணம் என்று கல்யாணத்தன்றே பந்தியில் சொல்லிச் சிரித்தவர்.

ஜெராக்ஸ் மிஷின் பழசாகி ரொம்ப நாளாகிறது. மாற்றாமல் இருந்ததற்கு ஒரு அசட்டுக் காரணம் இருந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கியபோது அங்கே அறையே கிடையாது. இறக்கிய பிறகுதான், சத்தம் தாங்கவில்லை என்று மூன்று பக்கமும் சுவர் எழுப்பிக் கதவு போட்டார்கள். கதவை மிஷினைவிட இரண்டு அங்குலம் குறைவாகப் போட்டுவிட்டார்கள். அதை வெளியே எடுக்கவேண்டுமானால் சுவரை இடித்தாகவேண்டும். "என்னையும் அதையும் உள்ள வச்சுத்தான்யா கட்டினாங்க," என்று மாமனார் புதிதாக வருபவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி அவனைக் கூப்பிட்டு, "மிஷின் விஷயத்தை ஒரு வழி பண்ணுங்க, ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க," என்றார். அவன் யோசித்துத்தான் எழுதினான். முன்பு ஒரு நாளைக்கு நாலாயிரம் பக்கம் ஓடியது, இப்போது அறுநூறு தாண்டுவதில்லை. டெண்டரெல்லாம் கம்ப்யூட்டரிலேயே போகிறது. பெரிய மிஷின் தேவையில்லை. மாடிக்கு ஒன்றாக மூன்று சின்ன மிஷின் போதும், அவரவர் அட்டையைக் காட்டி அவரவர் எடுத்துக்கொள்வார்கள். சுவரை இடித்தால் இரண்டு மேஜை போட இடம் வரும். எல்லாம் சரி. கடைசியில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது: இயக்குபவர் பணியிடம். அதில் "தானாகக் காலியாகும்" என்று எழுதினான்.

அதை எழுதிய வாரம்தான் டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் முழுக்கப் போய்விட்டது, ஒரு மாசம், மிஞ்சினால் ஒன்றரை மாசம் என்று சொல்லியிருந்தார். மாமனாரை யாரும் வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதில்லை, அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை என்று அவன் கணக்குப் போட்டான். சுவர் இடிக்கும் தேதியை ஏழு வாரம் தள்ளி வைத்தான். அதை ஒரு மரியாதை என்றுகூட நினைத்துக்கொண்டான். ஏழு வாரம் நாளையோடு முடிகிறது. மாமனார் இன்னும் இருந்தார்.

இருந்ததோடு, நாலு நாளைக்கு முன் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாப்பிள்ளை, நான் போயிடுவேன்னு எனக்குத் தெரியும். அந்த இடத்தை அத்தைக்கு வாங்கிக் கொடுங்க," என்றார்.

அந்த அலுவலகத்தில் அது வழக்கம்தான். வாட்ச்மேன் இறந்துபோனபோது அவர் மனைவி வந்து கேட்டாள்; இன்றைக்கும் கேட்டில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். டீ கொடுத்தவர் போனபோது தம்பி வந்தான். கேட்டால் முதலாளி இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் கேட்பதற்கு இடம் என்று ஒன்று இருக்கவேண்டும்.

"அவ உங்க வீட்டுல வந்து உக்கார மாட்டா," என்றார் மாமனார். "ஒரு வாரம் இருப்பா. அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கெளம்பிடுவா. பொண்ணு வீட்டுச் சாப்பாடு அவளுக்கு எறங்காது. எனக்குத் தெரியும். அவளுக்கு நான் எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். பேப்பர் மாட்டினா எந்தக் கதவைத் தொறக்கணும், டோனர் எப்ப ஆட்டணும், எல்லாம். மிஷின் மட்டும் அவ ஒசரத்துக்குப் பாருங்க."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவன் "சரி மாமா" என்றான்.

பாலை ஆற்றிக்கொண்டு மாமியார் வந்தார். மாமனார் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார்.

"அந்த மிஷின் விக்கிற கம்பெனிக்காரன்கிட்ட நானே ஒரு வார்த்தை பேசணும்," என்றார்.

"நான் சொல்லிட்டேன் மாமா."

"நீங்க சொன்னா மேனேஜர் சொன்னதாப் போயிடும். நான் சொன்னா மிஷின்காரன் சொன்னதா இருக்கும். போன் போடுங்க."

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் போட்டான். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் மாமனார். வைத்தான்.

"வணக்கம் சார்! சொல்லுங்க சார்!" விற்பனைக்காரன் எங்கோ தெருவில் இருந்தான். பின்னால் ஹாரன் சத்தம்.

"ஒண்ணுமில்ல. பக்கத்துல என் மாமனார் இருக்கார். அந்தப் பெரிய மிஷின் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கணுமாம்."

"பெரிய மிஷின்," என்றான் விற்பனைக்காரன். ஒரு லாரி கடந்து போனது. பிறகு குரலில் சர்க்கரை ஏறியது. "கேளுங்கய்யா, தாராளமா."

"அகலம் எவ்வளவு தம்பி?"

"இருபத்தொம்பதரை ஐயா."

"கதவு முப்பத்தொண்ணு. சரி. மூடி தொறந்தா?"

"அறுபதுக்குள்ளதான் ஐயா."

"உள்ளன்னா எவ்வளவு உள்ள?"

"அம்பத்தேழு."

மாமனார் மனைவியைப் பார்த்தார். மாமியார் தன்னையறியாமல் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்துக்கொண்டார்.

"பேப்பர் பெட்டி பக்கவாட்டுல வேணும். குனிஞ்சு போடற மாதிரி கூடாது."

"இருக்கு ஐயா. மூவாயிரம் தாள் பிடிக்கும்."

"வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"உங்களுக்கு எது வசதியோ அது ஐயா."

மாமனார் மூச்சுக்காகக் காத்திருந்தார். பிறகு, "பொய் சொல்றியாப்பா?" என்றார்.

மாப்பிள்ளை நோட்டை மூடினான்.

"ஐயா?"

"எதைக் கேட்டாலும் இருக்கு இருக்குங்கிறியே."

"இல்லேன்னு சொன்னா என்னைக் கம்பெனியில வச்சுக்குவாங்களா ஐயா?"

மாமனார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமானது. மாமியார் முதுகைத் தடவினார். அதற்குள் விற்பனைக்காரன் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான்: "சார், அப்ப ஆர்டரை மாத்திக்கலாம்னு நினைக்கிறீங்களா? தாராளமா மாத்தலாம் சார். அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கப்புறம் வண்டியில ஏத்திடுவாங்க, என் கையில இல்ல."

அவன் பாய்ந்து போனை அணைத்தான்.

"எதை மாத்தறதாம்?" என்றார் மாமனார், கண்ணில் தண்ணீரோடு.

"கலர் மாமா. வெள்ளையா, சாம்பலான்னு."

"சாம்பல். வெள்ளைன்னா வெரல் அழுக்கெல்லாம் தெரியும்." மாமியாரைப் பார்த்து, "சாம்பல்தானே?" என்றார்.

"எனக்கென்ன தெரியும், சாம்பல்னா சாம்பல்," என்றார் மாமியார். ஆனால் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. யாரும் இதுவரை அவரிடம் எதற்கும் கலர் கேட்டதில்லை.

மத்தியானம் அவன் மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்தாள். அவன் மாடிப்படியிலேயே அவளை நிறுத்தினான். கையில் மருந்துப் பையோடு ஒரு படி கீழே நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று சின்ன மிஷின், நாளைக்குச் சுவர், கடைசிக் கட்டத்தில் எழுதியது. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தபின் நிற்கவில்லை.

அவள் பையைக் கைமாற்றினாள்.

"தானா காலியாகும்னா?"

"அது ஆபீஸ் பாஷை."

"எங்கப்பாவையா அப்படி எழுதினீங்க?"

"அந்த எடத்தை எழுதினேன்."

"எடத்துல எங்கப்பாதானே இருக்கார்."

கீழ்வீட்டில் யாரோ குக்கர் மூடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"கோபப்படறியா?"

"கோபப்பட எனக்கு நேரமில்ல. நாலு மணிக்கு ஊசி போடணும்." இரண்டு படி ஏறி அவனைக் கடந்தாள். பிறகு திரும்பி, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க எழுதினதை நீங்களே சொல்லிக்கோங்க," என்றாள். "ஆனா அப்பா இருக்கிறவரைக்கும் வாயைத் தொறந்தீங்க, அப்புறம் இருக்கு."

அவன் படியிலேயே உட்கார்ந்தான். மணி மூன்று ஐம்பது. ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. முதலாளிக்குப் போன் செய்தான்.

"சார், அந்த மிஷின் விஷயம்."

"நாளைக்கு செவுரு இடிக்கிறாங்களே, அதுதானே? எனக்குத் தூசி ஆகாது, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

"இல்ல சார். பெரிய மிஷின் ஒண்ணே வாங்கிக்கலாமான்னு."

"ஏன்யா? கம்பெனிக்காரன் ஏதாவது கையில வச்சானா?"

"ஐயோ, இல்ல சார்."

"விளையாட்டுக்குச் சொன்னேன். மாமனார் எப்படி இருக்கார்?"

"இருக்கார் சார்."

"இருங்க, உங்க பேப்பர் இங்கதான் இருக்கு." தாள் புரளும் சத்தம். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும்போது குரல் மூக்கால் வரும். "ஒரு நாளைக்கு நாலாயிரம் இருந்தது, இப்ப அறுநூறு. சரிதானே?"

"சரிதான் சார்."

"மாடிக்கு ஒண்ணு போதும். சரியா?"

"சரி சார்."

"அப்புறம் இதென்ன, 'இயக்குபவர் பணியிடம் தானாகக் காலியாகும்.' இது அவர்தானே?"

"ஆமா சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. "நானா இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்," என்றார். "ஆனா எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்."

"மாமியாருக்கு ஏதாவது ஒரு இடம் பார்த்துக் கொடுத்தா..."

"நான் யாருக்காவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா? வாட்ச்மேன் சம்சாரத்துக்குக் கொடுக்கலையா? எந்த இடம் காலியா இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே கொடுக்கிறேன். லிஸ்ட் உங்ககிட்டதானே இருக்கு."

லிஸ்ட் அவனிடம்தான் இருந்தது. அதில் காலி இடம் ஒன்றுமில்லை. போன வருஷம் இருந்த இரண்டையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் அவன்தான். அதிலும் ஒரு தப்பும் இல்லை.

"சரி, பார்க்கலாம்," என்றார் முதலாளி.

முதலாளி 'பார்க்கலாம்' என்று சொன்ன விண்ணப்பங்கள் அவனுடைய அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு கட்டாக இருந்தன. தட்டு நிறைந்ததும் அவனே எடுத்துக் கிழிப்பான்.

உள்ளே போனபோது மாமனார் விழித்திருந்தார். முகம் காலையில் இருந்ததைவிட நீலம் தட்டியிருந்தது. மனைவி ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முதலாளியா?" என்றார் மாமனார். படியில் பேசியது கேட்டிருக்கிறது; என்ன பேசினான் என்பது கேட்டிருக்காது. அந்த ஆக்சிஜன் மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

"ஆமா மாமா."

"கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டார்."

அது உண்மைதான். அன்றைக்கு மிஷின் பற்றி அவரிடம் அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த பிடிப்பெல்லாம் தளர்ந்தது. "அப்ப சரி. அவளைக் கூப்பிடுங்க."

மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இங்க வா. முதல் நாளே எவனாவது அவசரம்னு வந்து கத்துவான். கத்தட்டும்." மூச்சு வாங்கினார். "நீ பதறாத. பேப்பரை வாங்கி மேஜைல வை. ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு கேளு. கேட்டாலே பாதி அடங்கிடுவான். எங்க, கேளு."

"இப்பவா?"

"இப்பதான்."

மாமியார் மகளையும் மாப்பிள்ளையையும் பார்த்துக் கூச்சப்பட்டார். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா," என்றார், அரிசி களைகிற சத்தத்தில்.

"இதுக்கு எவன் அடங்குவான்? சத்தமா."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

"கெஞ்சாத. நீ கேக்கற எடத்துல இருக்கிற. சத்தமா."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கட்டிலை நேராகப் பார்த்து நின்று, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில், "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்றார்.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு வந்தது. நீளமான மூச்சு. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். மாமியார் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இதுவும் போதவில்லைபோல என்று நினைத்து, இன்னும் உரக்க ஒரு தடவை கேட்டார். பிறகுதான் மகள் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள்.

ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை யார் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்தலாமா என்றும் தெரியவில்லை. மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். அழுகை எல்லாம் பிறகுதான் வந்தது. கடைசியில் மகள்தான் கட்டிலுக்கடியில் கைவிட்டுச் சுவிட்சைத் தேடி அணைத்தாள். வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதைப் இந்தப் பத்து நாளில் எல்லாரும் மறந்திருந்தார்கள்.

டாக்டருக்குச் சொன்னார்கள். அவர் வந்து பார்த்து, தாளில் நேரம் எழுதிக் கொடுத்தார். நாலு ஐம்பது. அவர் படியிறங்கும்போது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விற்பனைக்காரன் எழுதியிருந்தான்: "சார் மணி அஞ்சாகப் போகுது. பெரிய மிஷினா, பழைய ஆர்டரா? சொல்லுங்க."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் எடுத்து முடித்து அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "மாற்றம் இல்லை" என்று எழுதி அனுப்பினான். உடனே கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது.

மறுநாள் காலையில் எடுப்பதாக ஏற்பாடு. ஏழு மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலி போதாமல் மாடிப்படி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். டோனர் தூசிதான் ஆளைக் கொன்றுவிட்டது என்று ஒரு சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். அவன் விட்டுவிட்டான்.

அலுவலகத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். வாட்ச்மேன் மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். முதலாளி மாலையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து, தோளில் கைவைத்து, மெதுவாகப் பேசினார்.

"ஆபீஸ் இன்னிக்கு லீவு விட்டாச்சு. முப்பத்தோரு வருஷம். அந்த மரியாதையாவது செய்யணும் இல்ல."

"ஆமா சார்."

"அதுவும் ஒரு வகையில நல்லதுதான். யாரும் இல்ல, செவுரு வேலை தொந்தரவில்லாம முடிஞ்சுடும். மேஸ்திரி எட்டு மணிக்கே வந்துட்டானாம்."

அவன் தலையாட்டினான்.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளியின் எதிரில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. கைகூப்பினார்.

"ஐயா, அவர் நிம்மதியாத்தான் போனார். கையெழுத்தாயிடுச்சுன்னு மாப்பிள்ளை சொன்னதும் அந்த முகத்தைப் பார்த்திருக்கணும். எனக்கு ஒசரம்கூட அளந்தாச்சு. எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்கார். நான் நல்லாப் பார்த்துப்பேன் ஐயா."

முதலாளி அவனைப் பார்த்தார். அவன் முதலாளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"தைரியமா இருங்கம்மா," என்றார் முதலாளி. "உங்க மாப்பிள்ளை எல்லாம் பார்த்துப்பார்."

கதவோரம் காகித டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள். மறுபடி குனிந்து டம்ளர்களைத் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தவற்றை நகத்தால் பிரித்தாள்.

முதலாளி போன பிறகும் மாமியார் அவன் பக்கத்திலேயே நின்றார். இரண்டு பேரும் மாமனாரைப் பார்த்தபடி நின்றார்கள். நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைத்தான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. நாளைக்கு என்றால் மாமியார் இன்னும் ஒரு நாள் நம்பியிருப்பார். இன்றைக்கென்றால் மாமனாரோடு இந்த நம்பிக்கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"எத்தனை மணிக்கு வரணும்?"

"இப்ப என்ன அத்தை அதுக்கு."

"அவசரம் ஒண்ணுமில்ல. தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்."

அவன் வாயைத் திறந்தான். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து போனாள். அவள் போய் முடியும்வரை மாமியார் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒம்பதுக்கு," என்றான்.

மாமியார் தலையாட்டினார். "ஒம்பது," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "அங்க நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கணும், இல்ல?" என்றார்.

"ஆமா அத்தை."

வண்டி வந்தது. ஆண்கள் நாலு பேர் உள்ளே வந்தார்கள். யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்று கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தது. அவன் கால்பக்கம் பிடித்தான். கட்டிலில் இருந்ததைவிட அவர் கனமாக இருந்தார். படி திரும்பும் இடத்தில் நின்று, கைமாற்றி, மறுபடி இறங்கினார்கள். வண்டிக்குள் வைத்துவிட்டு, விட்டுவந்த துண்டை எடுக்க அவன் மேலே ஓடினான்.

கூடத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். யாரோ ஒருத்தி நாற்காலியைக் கொண்டுவந்து மாமியாரின் பின்னால் வைத்து, "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, கொஞ்சம் உக்காரும்மா, மயக்கம் வந்துடப் போகுது," என்று தோளைப் பிடித்து அழுத்தினாள்.

மாமியார் உட்காரவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றுகொண்டார்.